தேயிலைக்குள் பழகிய சிறுத்தை, உச்சியில் சிக்கிய ஓணான்

மழை விட்ட மறுநாள் காலையில் தோட்டத்து வடிகாலான கான் ஓரத்துச் சேற்றைப் பார்த்தால், இரவில் அந்த வழியே யார் யார் போனார்கள் என்பது தெரிந்துவிடும். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மாவோடு மலைக்குப் போன ஒரு நாள், அவர் குனிந்து ஒரு தடத்தைக் காட்டினார். நான்கு விரல்கள், அவற்றுக்குப் பின்னால் மூன்று மடிப்பாக ஒரு பெரிய திண்டு. "நாய்னா நகம் குத்தியிருக்கும். இதுல நகம் இருக்கா பாரு" என்றார். இல்லை. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடம் கானைத் தாண்டி, தேயிலை நிரைகளுக்கு நடுவே புகுந்து, கீழே ஓடையோரக் காட்டை நோக்கிப் போயிருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றால் தெரிகிற தூரம்தான். பெரியம்மா பதறவில்லை. "அதுவும் நம்மள மாதிரி தோட்டத்துக்குப் பழகிருச்சி" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார்.

பழகிருச்சி என்ற அந்தச் சொல்லை நான் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு விலங்கு தன் ஆயுளுக்குள் ஓர் இடத்துக்குப் பழகிக்கொள்வது ஒரு விஷயம். அதற்கு மூளை வேண்டும், தாயைப் பார்த்துக் கற்கும் குட்டி வேண்டும். அந்த விலங்கின் இனமே, ஆயிரக்கணக்கான தலைமுறைகளில், உடம்போடு அந்த இடத்துக்கு ஏற்ப மாறிப்போவது வேறு விஷயம். இதில் எந்த விலங்கும் எதையும் கற்பதில்லை, முடிவெடுப்பதும் இல்லை. ஒரு தாயின் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சாக இருப்பதில்லை. குளிர் கூடிய இடத்தில் கொஞ்சம் அடர்ந்த ரோமத்தோடு பிறந்த குட்டி பிழைக்க வாய்ப்பு அதிகம், அதன் பிள்ளைகளுக்கும் அந்த ரோமம் போகும். இப்படியே போனால் ஒரு காலத்தில் அந்த மலையில் இருப்பதெல்லாம் ரோமக்காரர்களாகவே இருக்கும். இதைத்தான் பள்ளிக்கூடத்தில் கூர்ப்பு என்று படித்தோம், உடம்பில் வந்து சேர்ந்த அந்தப் பொருத்தத்தை இசைவாக்கம் என்று படித்தோம்.

பாடம் என்றதும் கலாபகஸ் தீவுக் குருவிகளும் இங்கிலாந்தின் கறுப்பு அந்துப்பூச்சியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் அதைவிட நல்ல உதாரணங்கள் மரத்திலும் பாசியிலும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்துகிறது. மலைக்கு ஓர் உயிர் எவ்வளவுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டதோ, அவ்வளவுக்கு அது இன்று ஆபத்தில் இருக்கிறது. எதற்கும் அச்சாகப் பொருந்தாத, எங்கு விட்டாலும் சமாளிக்கிற விலங்குகள் தேயிலைக்குள் வந்து பிழைத்துக்கொண்டன.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையும் இந்தியாவும் பல தடவை நிலத்தால் இணைந்து, பல தடவை பிரிந்திருக்கின்றன. பனியுகங்களில் கடல் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தபோது மன்னார்ப் பக்கம் நடந்தே வந்திருக்கலாம். யானையும் சிறுத்தையும் போல நடமாட்டம் உள்ளவை வந்தன. ஆனால் குளிரும் ஈரமும் இல்லாமல் வாழ முடியாத சிறு உயிர்களுக்கு அந்த நிலப்பாலம் பெரிதாக உதவவில்லை. வறண்ட சமவெளி அவற்றுக்குக் கடலைப் போலத்தான். ஆகவே நம் மலைகள் தீவுக்குள் இருக்கும் தீவுகள். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை சேர்ந்த நடுமலை ஒரு தீவு. வடக்கே மகாவலிக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் இன்னொரு தீவு. தெற்கே இறக்குவானை மலை மூன்றாவது. ஒன்றிலிருக்கும் ஓணானுக்கு மற்றொன்றில் இருக்கும் ஓணானைத் தெரியாது. பிரிந்து கிடந்த காலத்தில் ஒவ்வொன்றும் தன் வழியில் மாறி வேறு வேறு இனமாகிவிட்டன.

இந்தக் கொம்பு ஓணான்களை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஹோர்ட்டன் சமவெளியில் பாசி படிந்த மரத்தண்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணிநேரம் ஆனது. முதலில் பார்த்தது கொம்பைத்தான். மூக்கு நுனியில், வெள்ளையாக, முள்ளைப் போல மேல்நோக்கி நின்றது. எலும்பு கிடையாது, மூக்கு நுனியில் உள்ள செதில் நீண்டு வளர்ந்தது. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. உடம்பு முழுக்கப் பாசியின் பச்சையும் பட்டையின் பழுப்பும். நான் இரண்டடி தூரத்தில் முகத்தைக் கொண்டுபோன பிறகும் அது ஓடவில்லை. மெதுவாகத் தண்டைச் சுற்றி மறுபக்கம் போனது, அவ்வளவுதான். வேகம் அதன் குணமே கிடையாது. அசையாமல் இருந்தால் மரமாகத் தெரியும் என்பதுதான் அதன் பாதுகாப்பு.

நக்கிள்ஸில் இருக்கும் இதன் உறவுக்கார இனத்துக்கு மூக்கில் முள் இல்லை, இலை போல ஒரு தட்டையான வளர்ச்சி. இறக்குவானை மலையில் உள்ள இனங்களுக்குக் கொம்பு மிகச் சிறிது அல்லது இல்லை என்றே சொல்லலாம். உலகில் வேறெங்கும் இல்லாத, நெருங்கிய உறவுள்ள ஓணான்கள் இவை. ஒவ்வொரு மலையும் தன் ஓணானுக்கு ஒரு மூக்கைக் கொடுத்திருக்கிறது.

அதே ஹோர்ட்டன் சமவெளியில் இன்னொரு சிற்றோணான் உண்டு. விரல் நீளமே இருக்கும். வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பச்சோந்தி போல நகரும். இது செய்திருக்கும் காரியம் கொம்பைவிடப் பெரியது. இது முட்டையிடாது, குட்டி போடும். நம் நாட்டு மற்ற ஓணான்கள் ஏறத்தாழ எல்லாமே மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும், சூட்டில் முட்டை பொரிக்கும். உச்சி மலையின் மண்ணில் அந்தச் சூடு ஏது? இரவில் உறைபனி விழும் இடம் அது. ஆகவே முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெயில் வரும்போதெல்லாம் தாய் வெயிலில் காய்கிறது. ஒரு நடமாடும் அடைகாப்புப் பெட்டி. ஒரு காலத்தில் முட்டையைச் சற்றுக் கூடுதல் நாள் வயிற்றில் தாங்கிய தாய்களின் குஞ்சுகள் அதிகம் பிழைத்திருக்கும், அந்தப் பழக்கம் நீண்டு நீண்டு குட்டி போடுவதில் வந்து முடிந்திருக்கும் என்பதுதான் விலங்கியலார் தரும் விளக்கம். அதே குளிரில் வாழும் கொம்பு ஓணான் இன்னும் மண்ணில்தான் முட்டையிடுகிறது. ஒரே சிக்கலுக்கு இயற்கை ஒரே விடையைத் தான் தரும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குரங்குகளிடமும் குளிரின் கைவேலை தெரியும். சிங்களத்தில் வந்துரா என்று சொல்கிற, முகம் கறுத்த குரங்கின் மலைநாட்டு வகைக்கு ரோமம் அவ்வளவு அடர்த்தி. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தூரத்தில் பார்த்துக் கரடி என்றே எண்ணினார்கள், கரடிக் குரங்கு என்ற பெயரும் வந்தது. கொழும்புப் பக்கத்தில் பலா மரத்தில் தொங்கும் அதே இனத்தின் தாழ்நில வகைக்கு இந்தக் கம்பளி கிடையாது. தலைமுடி வட்டமாக விழுந்திருக்கும் ரிலவாவுக்கும் மலைநாட்டில் தனி வகை, நீண்ட ரோமத்தோடு. தேவாங்குக்கும் அப்படியே. மலைநாட்டுத் தேவாங்கின் கைகால்கள் தாழ்நிலத்துத் தேவாங்கினுடையதைவிடக் குட்டை, ரோமம் தடிப்பு. நீண்ட கைகால் வெப்பத்தை வெளியே விடும், குட்டைக் கைகால் உள்ளே வைத்துக்கொள்ளும். இந்தத் தேவாங்கை 1937க்குப் பிறகு விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகளே கண்டிருந்தார்கள். அழிந்துவிட்டதோ என்று அஞ்சிய நிலையில் ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் எடுத்த முதல் புகைப்படங்கள் 2010இல் வெளியாகின.

தவளைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். தவளை என்றால் குளத்தில் முட்டை, பிறகு வால் சுருங்கி மறைந்து தவளையாகும் தலைப்பிரட்டை என்று படித்திருக்கிறோம். நம் மலைக்காட்டின் சின்னஞ்சிறு புதர்த்தவளைகள் அந்த வழியை விட்டுவிட்டன. தண்ணீருக்கே போகாமல் மண்ணுக்குள்ளோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, நகத்தளவு தவளைக்குஞ்சு நேராக வெளியே வரும். ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இனம் மண்ணில் குழி தோண்டி முட்டையிடுகிறது, இன்னோர் இனம் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. ஓடை வெள்ளத்துக்கும் மீனுக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த முட்டைக்கு ஓடு கிடையாது. காற்றிலும் மண்ணிலும் எந்நேரமும் ஈரம் இருந்தால்தான் குஞ்சு வரும். மூடுபனி தவறாமல் வரும் என்று நம்பி அமைந்த வாழ்க்கை அது. இந்த வழியில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இலங்கையில் கிளைத்திருக்கின்றன. இவ்வளவு சிறிய நாட்டுக்கு அது பிரமிக்க வைக்கும் எண்ணிக்கை.

அப்புறம் காலநிலை. அது மாறுவது இந்த மலைகளுக்குப் புதிதல்ல. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புச் சேற்றைத் துளையிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மகரந்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 24,000 ஆண்டுக் கதை அந்தச் சேற்றில் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை மெலிந்து அங்கே வறட்சி நிலவியது, பிறகு மழை பலத்துக் காடு பரவியது. அந்த மாற்றங்களில் விலங்குகள் என்ன செய்தன? காட்டோடு சேர்ந்து ஏறின, காட்டோடு சேர்ந்து இறங்கின. ஆயிரக்கணக்கான ஆண்டு அவகாசம் இருந்தது. மலையடிவாரம் வரைக்கும் காடும் தொடர்ந்து இருந்தது. இந்த இரண்டும் இன்று இல்லை.

காடு போன கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. 1830களிலும் 40களிலும் கோப்பிக்காகக் காட்டை வெட்டச் சொன்னது ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள். கோடரியைப் பிடித்த கைகளில் பல, மன்னாரில் இறங்கிக் கால்நடையாக வந்த நம் பாட்டன் பூட்டன்களின் கைகள். காட்டில் காய்ச்சலிலும் குளிரிலும் அவர்களும் செத்தார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது, அதிலிருந்து கோப்பி எழவே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். பிறகு மலை முழுவதும் அதுதான். ஒரு மனித ஆயுளுக்குள், மலைச்சரிவின் காடு ஒரே உயரத்துச் செடியாகிப் போனது. கொம்பு ஓணானுக்கு அது கண் மூடித் திறக்கும் நேரம்.

யானை அந்தக் காலத்திலேயே போய்விட்டது. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் யானைக்கூட்டம் மேய்ந்த காலம் ஒன்று இருந்தது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற இராணுவ அதிகாரி மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

துப்பாக்கியும் ஒரு தேர்வுதான். மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள், பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. போருக்கு முன் அங்கே பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே தந்தமில்லாமல் இருந்தன. போருக்குப் பிறகு ஏறத்தாழப் பாதி. தந்தமில்லாதவை சுடப்படாமல் பிழைத்து, அந்தக் குணத்தை மகள்களுக்குக் கொடுத்தன. இதன் பின்னால் உள்ள மரபணுக்களை 2021இல் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணு ஆண் குட்டிக்குப் போனால் அது பிறக்காமலே இறந்துவிடும் என்பதும் தெரிந்தது. கூர்ப்பு சில சமயம் பதினைந்து ஆண்டில்கூட நடக்கும் என்பதற்கு இது சாட்சி, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி. இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இதற்கு வேட்டையும் தந்தமுள்ளவற்றைப் பிடித்து ஏற்றுமதி செய்ததும் எவ்வளவு காரணம், தொடக்கத்திலேயே இந்தத் தீவின் யானைகளிடம் தந்தம் குறைவாக இருந்தது எவ்வளவு காரணம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

சரி, சிறுத்தைக்கு வருவோம். இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தையோடு நிலத்தில் போட்டி போட அதைவிடப் பெரிய ஊனுண்ணி கிடையாது. ஆபிரிக்கச் சிறுத்தை சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து இரையை மரத்தில் ஏற்றி வைக்கும், நம் சிறுத்தை அந்தச் சிரமத்தைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. சாப்பாட்டிலும் அதற்குப் பிடிவாதம் கிடையாது. ஹோர்ட்டன் சமவெளியில் மரை என்ற பெரிய மான் கிடைத்தால் அது. தோட்டத்துப் பக்கம் கேளையாடு, முள்ளம்பன்றி, முயல், குரங்கு, சில சமயம் லயத்து நாய். காட்டுத் துண்டுகளில் கட்டிய தானியங்கிக் கெமராக்களில் சிறுத்தைகள் தொடர்ந்து பதிவாகின்றன. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் அவை வழி தவறி வந்தவை கிடையாது, அங்கேயே குடியிருப்பவை. பகலில் ஓடையோரப் புதரிலும் பாறை இடுக்கிலும் படுத்திருக்கும், வேலை முடிந்து மலையில் ஆள் அரவம் அடங்கிய பிறகு நடக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் மறைவு இல்லை என்பது அதற்குத் தெரியும். மறைவாக வளர்ந்து நிற்கும் தேயிலைக்குள் குட்டி போட்ட சிறுத்தைகளும் உண்டு.

இதில் உடம்பு எங்கும் மாறவில்லை. புள்ளியும் பல்லும் நகமும் பழையவையே. மாறியது நேரமும் வழியும் சாப்பாடும். உலகெங்கும் மனிதர் நெருங்கிய இடங்களில் பாலூட்டிகள் பகலை விட்டு இரவுக்கு நகர்கின்றன. குட்டி இதைத் தாயிடம் கற்கிறது. பெரியம்மா சொன்ன பழக்கம் இதுதான்.

ஆனால் பழகியதே வினையாகும் இடமும் இருக்கிறது. மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வேலி ஓரத்தில் பிரேக் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். பன்றி போகும் ஒற்றையடிப் பாதையில்தான் சிறுத்தையும் போகிறது. கோடிக்கணக்கான ஆண்டில் பூனைக் குடும்பம் பெற்ற எந்தப் புலனும் மெல்லிய கம்பி வளையத்தை ஆபத்து என்று சொல்லாது. சிக்கியதும் அது முன்னால் பாயும், கம்பி இடுப்பில் இறுகும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படிச் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்துவிட்டது.

அந்தக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் உள்ள மாற்றம், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி மஞ்சளாகவே இருந்து, மாற்றத்தை உள்ளே சுமக்கும். மலாய்த் தீபகற்பத்தின் இருண்ட மழைக்காட்டில் ஏறத்தாழ எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பு, வெளிச்சம் நுழையாத காட்டில் கறுப்பு மறைவுக்கு உதவுவது ஒரு காரணமாக இருக்கலாம். சிவனொளிபாதமலைச் சரிவின் ஈரக்காட்டிலும் அந்த மரபணு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாற்றத்துக்கான கச்சாப்பொருள் இப்படி அபூர்வமாகக் கிடைக்கும் குட்டிகள்தான். ஒரு சுருக்குக் கம்பி அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டது.

ரிலவாவும் காட்டுப்பன்றியும் சிறுத்தையைவிட நன்றாகவே பிழைக்கின்றன. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் மக்களே பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ணினார்கள். எண்ணியவற்றில் குரங்கும் மயிலும் இருந்தன. மயிலைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மயில் வறண்ட நிலத்துப் பறவை. கதிர்காமத்து முருகனோடு நாம் நினைக்கும் அந்தப் பறவை அண்மைக் காலத்தில் ஈரவலயத்துக்குள்ளும் கண்டிப் பக்கத்துக் குன்றுகளுக்கும் வந்துவிட்டது. காடு வெட்டி வெளியான நிலம், கூடும் வெப்பம், மாறும் மழை எல்லாம் அதற்கு வழி திறந்திருக்கின்றன. அகவலைக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வறண்ட நாட்டுப் பறவை ஏறி வருகிறது என்றால், குளிர்நாட்டு உயிர்கள் பின்வாங்கும் நேரம் என்று பொருள்.

அவை எங்கே போகும்? நூறு மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குளிரும். ஆகவே வெப்பம் ஒரு பாகை கூடினால், பழைய குளிரைத் தேடி ஓர் உயிர் 170 மீற்றர் அளவு மேலே போக வேண்டும். பீதுருதாலகால 2,524 மீற்றரில் முடிந்துவிடுகிறது. ஹோர்ட்டன் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல். குட்டி போடும் அந்த ஓணான் ஏற்கெனவே கூரையில் நிற்கிறது. மலை மேலே போகப் போகக் கூம்பிக்கொண்டும் வரும், ஏறுகிறவற்றுக்கு இடமும் குறையும். மேகக்காடு மூடுபனியை இலையிலும் பாசியிலும் வடித்தெடுத்து வாழ்கிறது. மேகம் மேலே விலகினால் ஓடில்லாத தவளை முட்டைக்கு என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 20 அளவிலான தவளை இனங்களை இலங்கை ஏற்கெனவே இழந்துவிட்டது. பெரும்பாலும் ஈரக்காடு போனதோடு போனவை.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸோடும் சேர்ந்து உலக மரபுரிமை. வேலி கட்டிய பிறகும் உள்ளே நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் சாப்பாட்டு மிச்சத்தைப் போடுகிறார்கள். மிச்சத்துக்குக் காகம் வருகிறது, பெருகுகிறது. மிச்சம் கிடைக்காத நேரத்தில் காகம் மரத்தைத் தேடுகிறது. அசையாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று இலட்சக்கணக்கான ஆண்டில் உடம்பை அமைத்துக்கொண்ட ஓணான் அசையாமலே இருக்கிறது. காகத்தின் கண் கூர்மையானது. முள் நிறைந்த யூலெக்ஸ் என்ற ஐரோப்பியப் புதர் அங்கே பரவியிருக்கிறது, அகற்ற வேண்டிய அந்நியச் செடிதான். ஆனால் அந்தச் சிற்றோணான் அந்த முள்ளுக்குள்ளும் ஒதுங்குகிறது, காகம் நுழைய முடியாது என்பதால். ஒரேயடியாகப் புதரை வெட்டினால் ஓணான் வெட்டவெளியில் நிற்கும். நல்லது செய்யப் போகிறவர்களும் நின்று பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு மரை வந்து கையிலிருந்து பாணை வாங்கித் தின்பதையும் பார்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு மகிழ்ச்சி! எனக்கும் முதல் தடவை மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பொலித்தீனைத் தின்று இறந்த மரைகளின் வயிற்றில் இருந்ததைப் பற்றிப் படித்த பிறகு, கையில் எதையும் வைத்துக்கொண்டு அங்கே இறங்குவதில்லை. இந்தக் கொம்பு ஓணான்களைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்தும் கும்பல்களும் உண்டு. 2019இல் இவை, அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. 1853இல் விவரிக்கப்பட்டு, பிறகு யாரும் காணாத ஒரு புதர்த்தவளை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கிடைத்தது. அழிந்துவிட்டதாகவே எழுதப்பட்ட கண்டிக் குட்டித் தேரையும் அதே ஆண்டு, அதே காட்டில். காடு தொடர்ச்சியாக மிஞ்சிய இடத்தில் உயிர் காத்திருந்திருக்கிறது.

தொடர்ச்சி என்பதுதான் இப்போது கேள்வி. இனி யாரும் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காடு வளர்க்கப் போவதில்லை. அதில்தான் நம் சனத்தின் சோறு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓடை இறங்கும் பள்ளம், கொழுந்து எடுக்க முடியாத செங்குத்து, பாறை மேடு என்று தேயிலைக்கு உதவாத துண்டுகள் இருக்கின்றன. அங்கே யூகலிப்டஸும் பைனஸும் வைக்காமல் நாட்டு மரத்தை விட்டால், மேலுள்ள காடும் கீழுள்ள காடும் ஒரு நூலால் இணையும். சிறுத்தைக்கு அந்த நூல் இல்லாவிட்டாலும் சமாளித்துவிடும், இரவில் தேயிலைக்குள் நடந்து போகும். தேவாங்கால் முடியாது. தேவாங்கு குதிக்காது. ஒரு கையால் இந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி அடுத்த கிளையைத் தொட்டால்தான் அது நகரும். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விழுந்தால், அதன் காடு அந்த மரத்தோடு முடிந்தது.